மேசைக்கு வந்த தோசைக்கல்





மூலனூரில் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் நடைபெறும் மக்தப் வகுப்பில் ஆண்டுதோறும் நாம் தவறாமல் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. திருகைக்கல்லைச் சுற்றிச் சுற்றிக் கைகள் காய்த்துப்போன நிலையில், ஃபாத்திமா (ரலி) அவர்கள் தம் தந்தையாரிடம் ஒரு பணியாளரைக் கேட்டுச் சென்ற வரலாறு அது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இல்லாததால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவே நபி (ஸல்) அவர்கள் மகளின் இல்லம் சென்று, அவருக்கும் மருமகன் அலீ (ரலி) அவர்களுக்கும் இடையில் அமர்ந்து, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 முறையும் அல்ஹம்துலில்லாஹ் 33 முறையும் அல்லாஹு அக்பர் 34 முறையும் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். பணியாளரை விட இது சிறந்தது என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இந்தப் பாடத்தை நாம் முடிக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். 'ஆகவே பிள்ளைகளே, கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வசதியைத் தேடி ஓடக் கூடாது' என்போம். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

சென்ற ஆண்டு அந்தப் பாடத்தின் முடிவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். அவனுடைய தாயார் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்பவர். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி வேன் ஏறித் திருப்பூர் போனால், இருட்டிய பிறகே வீடு திரும்புவார்.

"ஹஜ்ரத், அந்தக் காலத்துல மிக்ஸி இருந்திருந்தா, ரசூலுல்லா மகளுக்கு வாங்கிக் குடுத்திருப்பாங்களா?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து, "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன்" என்று சமாளித்தோம். அந்த நாளை வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. ஏனெனில், அதே வாரத்தில்தான் அதே ஹதீஸை நம் வீட்டில் வேறொரு காரியத்திற்காக நாம் எடுத்துச் சொல்லியிருந்தோம்.

நாம் வீட்டில் சொன்ன பதில்

நம் வீட்டில் ஆறு பேர். தாயார், துணைவியார், மூன்று பிள்ளைகள், நாம். இரும்புத் தோசைக்கல்லைத் தூக்கித் தூக்கி வைத்ததிலும், நின்றபடியே ஒவ்வொன்றாகச் சுட்டு எடுத்ததிலும் துணைவியாருக்கு வலக்கை மணிக்கட்டில் தீராத வலி வந்துவிட்டது. கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தாராபுரத்து மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறு பேர் உண்ணும் வீட்டில் அந்த ஓய்வு எங்கிருந்து வரும் என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஒருநாள் இரவு துணைவியார் மெதுவாகக் கேட்டார்கள். "என்னங்க, மேசைல வெச்சுச் சுடற மாதிரி கரண்ட் தோசைக்கல் வந்திருக்காம்ல? கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்களேன்."

நாம் விசாரிக்கவில்லை. உபதேசித்தோம். நபியவர்களின் வீடுகளில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்ததைச் சொன்னோம். ஃபாத்திமா (ரலி) அவர்களின் காய்த்த கைகளைச் சொன்னோம். இஸ்ராஃப் என்னும் வீண்விரயத்தைப் பற்றியும் சொன்னோம். அவர்கள் மறுமொழி கூறாமல் எழுந்து மறுநாளைக்கு மாவு பிசையச் சென்றார்கள். அந்த மௌனத்தை நாம் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

அதே மாதம்தான் நாம் கைப்பேசியை மாற்றியிருந்தோம் என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதுவது முறை. பழையதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மார்க்கப் பணிக்கு அது தேவை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நம் கைக்கு ஒரு சட்டம், அவர்கள் கைக்கு ஒரு சட்டம்.

சிறுவனின் கேள்வி நம்மைக் கிதாபுகளிடம் திருப்பி அனுப்பியது. பல ஆண்டுகளாக நடத்திய பாடத்தில் நாம் விட்டுவிட்ட பகுதி ஒன்று இருந்தது. முஸ்னத் அஹ்மதில் உள்ள அறிவிப்பின்படி, நபியவர்கள் பணியாளரைத் தர மறுத்ததற்குக் காரணமும் சொன்னார்கள். பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களாகிய ஸுஃப்பாவாசிகள் பசியால் வயிறு சுருண்டு கிடக்கும்போது, அவர்களை விட்டுவிட்டு மகளுக்குத் தர இயலாது என்பதே அந்தக் காரணம். கை வலிப்பதைக் குறையாக அவர்கள் எண்ணவில்லை. வசதி கேட்டது பிழை என்றும் சொல்லவில்லை. தம் மகளை விடப் பசித்தவர்களை முன்னே வைத்தார்கள். நாமோ மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டோம். நம் வீட்டுக் காசு எந்த ஸுஃப்பாவாசிக்கும் போகவில்லை, கைப்பேசிக் கடைக்குப் போனது.

மேலும் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இந்த ஹதீஸும் நமக்கு மனப்பாடம்தான். ஆனால் நம் சமையலறையில் நமக்கு உப்பு இருக்கும் இடம் தெரியாது.

இரண்டாவது பிழை

குற்ற உணர்வு கொண்ட மனிதன் அவசரமாகப் பொருள் வாங்குகிறான். நாமும் வாங்கினோம். துணைவியாருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, ஒரு வார்த்தை கேட்காமல், இணையத்தில் தள்ளுபடியில் கிடைத்த ரொட்டி மேக்கர் ஒன்றைத் தருவித்தோம். இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே மாவு உருண்டையை வைத்து மூடி அழுத்தினால் சப்பாத்தி வந்துவிடும் என்று விளம்பரம் சொன்னது.

வந்தது அப்பளம். நாம் வழக்கமாகப் பிசையும் மாவு அதற்கு ஆகாது. வெந்நீர் ஊற்றி, இன்னும் தளர்வாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்தால்தான் மிருதுவாக வரும் என்பது பிறகு தெரிந்தது. அது தெரிந்த பின்னும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆறு பேருக்குப் பதினெட்டு என்றால் பதினெட்டு முறை மூடியை அழுத்த வேண்டும். அழுத்துவதற்குத் தேவைப்பட்டது அதே மணிக்கட்டு. தோசையோ அதில் ஊற்றவே முடியாது. ஒரு வாரத்தில் அது பரணுக்கு ஏறியது.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். துணைவியாரிடம் கேட்டோம். பால்குடி மறக்கச் செய்வதைக்கூடக் கணவனும் மனைவியும் கலந்தாலோசித்து முடிவெடுப்பது பற்றிக் குர்ஆன் பேசுகிறது. அதை ஓதிக்கொடுக்கிற நாம், அடுப்பைப் பற்றி அடுப்பில் நிற்பவரைக் கேட்கவில்லை.

அவர்கள் சொன்ன பதில் நாம் எதிர்பாராதது. "தேய்க்கறது கஷ்டமில்லைங்க. அதைப் பிள்ளைங்க தேய்ச்சுத் தந்துருவாங்க. கல்லுக்கு முன்னால ஒரு மணி நேரம் நிக்கறதும், ஒத்தக் கல்லுல ஒன்னொன்னாத் திருப்பறதும்தான் முடியல. அடுப்பு மேடைல ஒருத்தருக்குத்தான் எடம். கல்லு கீழ வந்தா நான் உக்காந்து சுடுவேன். நீங்களும் உக்காரலாம்."

கடைசி வாக்கியத்தில் ஓர் அழைப்பு இருந்தது. அதைப் புரிந்துகொள்ள நமக்குச் சற்று நேரம் பிடித்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதன்பின் இருவருமாக விசாரிக்கலானோம். கண்டறிந்தவற்றை இங்கே எழுதுவது பிற இல்லங்களுக்கும் பயன்படலாம்.

முதலில் இண்டக்‌ஷன் அடுப்பு. நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. பாலுக்கும் குழம்புக்கும் சிறந்தது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரமே அதில் சூடாகும்; அலுமினியச் சட்டி ஆகாது. இரும்புத் தோசைக்கல் அடி தட்டையாக இருந்தால் வைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சுருள் சிறியது. பெரிய கல்லை வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. மேலும் கல்லின் கனம் அப்படியே இருக்கிறது.

அடுத்து மின் தோசைக்கல். நீள்சதுரமான அலுமினியத் தகட்டின் அடியிலேயே சுருள் பதிக்கப்பட்டிருக்கும். சப்பாத்தி இரண்டு மூன்றை ஒன்றாகப் போடலாம். ஒரு குமிழைத் திருகி வெப்பத்தை வைத்தால், அந்த அளவு வந்ததும் தானே நிற்கும், குறைந்ததும் தானே எரியும். வாங்கும்போது நான்கைப் பார்க்க வேண்டும். தகடு கனமாக இருக்கிறதா? மெல்லிய தகட்டில் மாவு ஊற்றியவுடன் சூடு இறங்கிவிடும், தோசை வெளுத்துப்போகும். குமிழும் மின்கம்பியும் தனியே கழற்ற வருகிறதா? வராவிட்டால் கழுவுவது பெரும்பாடு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? சுருளோ குமிழோ பழுதானால் பக்கத்து ஊரிலாவது உதிரிப்பாகம் கிடைக்குமா?

நான்ஸ்டிக் பூச்சு பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். டெஃப்லான் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். தோசைக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. வெறும் தகட்டை நெடுநேரம் காயவிடாமலும், இரும்புக் கரண்டியால் சுரண்டாமல் மரக்கரண்டியைப் பயன்படுத்தியும் வந்தால் போதும்.

ஏர் ஃபிரையர், முட்டை வேகவைக்கும் கருவி போன்றவற்றையும் கடைக்காரர் காட்டினார். நம் வீட்டில் எந்தச் சுமையையும் அவை இறக்கப்போவதில்லை என்பதால் கடந்து வந்தோம்.

கருவி என்றாலே ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது. அதைக் கலைத்தது தாராபுரத்து மிக்ஸி மெக்கானிக் கடை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கிய மிக்ஸியும் கிரைண்டரும் இன்றும் அங்கே பழுதுபார்க்க வந்துகொண்டிருக்கின்றன. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஆடம்பரமா என்று அந்தக் கடை வாசலில் நின்றால் தெரியும். கோயம்புத்தூரில் ப. சபாபதி என்பவர் மின் கிரைண்டரை உருவாக்கியது 1955இல். அதே ஆண்டில்தான் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கிச் சோறாக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய யோஷிததா மினாமிக்காக வீட்டில் திரும்பத் திரும்பச் சோறாக்கிச் சோதித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அடுப்பில் நிற்பவரைக் கேட்டுச் செய்த கருவி அது.

சஹர் நேரத்துக் கருகல் வாடை

வாங்குவதற்கு முன் பயன்படுத்திப் பார்த்துவிடலாம் என்று கரூரிலிருந்து மைத்துனர் வீட்டு மின் தோசைக்கல்லை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்தோம். ரமளான் மாதம். மூன்றாம் நாள் சஹர் நேரத்தில் கருகல் வாடை வந்தது. சப்பாத்தி கருகுகிறது என்று நினைத்தோம். இல்லை; சுவரிலிருந்த பிளக் பாயின்ட் உருகிக்கொண்டிருந்தது. அல்லாஹ்வின் அருளால் உடனே மெயினை நிறுத்திவிட்டோம். அதற்குச் சற்று முன்தான் நம் இளைய மகள் அந்தச் சுவரோரம் தூங்கி எழுந்திருந்தாள்.

பிழை கருவியில் இல்லை, நம்மிடம். அந்தத் தோசைக்கல் 1500 வாட். நம் நாட்டு 230 வோல்ட் மின்னோட்டத்தில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். நாம் செருகியதோ விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பாயின்ட்டில், அதுவும் ஒரு மாற்றுப் பிளக்கை இடையில் போட்டு. 1000 வாட்டைத் தாண்டும் எந்தக் கருவிக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். அதற்கு 2.5 எம்.எம். ஒயர் தனியாக வர வேண்டும். எர்த் இருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பிரேக்கர் இருந்தால் இன்னும் நல்லது. நாம் இருப்பது வாடகை வீடு என்பதால், வீட்டு உரிமையாளரிடம் அனுமதி பெற்ற பிறகே எலக்ட்ரீஷியனை அழைத்தோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோன செய்தி கேட்டு, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தது ஸஹீஹான ஹதீஸ். விறகடுப்புக் காலத்துச் செய்தி என்று அதைக் கடந்துபோகிறோம். இன்று நெருப்பு சுவருக்குள் இருக்கிறது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் படுக்காமல் பிளக்கையே உருவிவிட்டுப் படுப்பதை அதன்பின் நம் வீட்டில் வழக்கமாக்கிக்கொண்டோம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுவோம். 1500 வாட் கருவி நாற்பது நிமிடம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு யூனிட். நாள்தோறும் ஒன்று என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். குமிழ் இடையிடையே அணைவதால் அதைவிடக் குறையும். நம் மாநிலத்தில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று ஆக்கப்பட்டது. கட்டணமில்லாத அளவுக்கு மேல் படிப்படியாக ஏறும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான விலையும் சேர்ந்து கூடும். ஆகவே ஏற்கெனவே எவ்வளவு ஓடுகிறது என்று மின் அட்டையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. இன்னொரு பக்கம், 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சேராமலே போய்விடும். எனவே பெரிய சேமிப்பும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. பணத்தை மிச்சப்படுத்த இதை வாங்குவதாக யாரும் தம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

வட்டியில்லாத் தவணை?

கடைக்காரர் 'வட்டியில்லாத் தவணை' என்றார். நாம் தாளை வாங்கிப் படித்தோம். வங்கி வட்டியைக் கணக்கிட்டே வைத்திருந்தது. அதே தொகையைத் தள்ளுபடி என்ற பெயரில் கழித்திருந்தார்கள். செயலாக்கக் கட்டணம் தனி. வட்டியே இல்லாத கடன் என்பதெல்லாம் உண்மையில் இல்லை, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்ற கருத்தில் ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நாம் கையொப்பமிடவில்லை. 3,000 ரூபாய்க்குச் சற்று மேல் விலை. ஒரு டப்பாவில் போட்டுப் போட்டு நான்கு மாதத்தில் சேர்ந்தது. அந்த நான்கு மாதமும் காலைத் தோசையை அடுப்பு மேடையில் நாமே சுட்டோம். முதல் வாரத்துத் தோசைகளைப் பற்றி எழுதாமல் விடுவது நலம்.

இப்போது ஃபஜ்ருக்குப் பின் தரையில் ஒரு தாழ்ந்த மேசை. அதன்மேல் கல், சுவரை ஒட்டிப் பவர் பிளக், யார் காலிலும் இடறாதபடி மின்கம்பி. மூத்தவன் தேய்க்கிறான், துணைவியார் மாவை ஊற்றுகிறார்கள், நாம் திருப்புகிறோம், சின்னவள் எண்ணுகிறாள். தாயார் நாற்காலியில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதியபடி, கருகியவற்றை நம் பங்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். மணிக்கட்டு வலி முழுதாகத் தீரவில்லை. தூங்கும் நேரத்தில் எண்ணெய் தேய்க்கச் சொல்வது குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பரணில் கிடந்த ரொட்டி மேக்கரை யாருக்காவது தர்மமாகக் கொடுத்துவிடலாம் என்றோம். "நமக்கு ஆகாததையா குடுப்பீங்க?" என்று துணைவியார் கேட்டார்கள். விரும்புவதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய முடியாது என்னும் இறைவசனத்தை அன்று நாம் சொல்லவில்லை, அவர்கள் நினைவூட்டினார்கள். பிறகு அவர்களே ஒரு யோசனை செய்தார்கள். கேள்வி கேட்ட சிறுவனின் தாயாரை வீட்டுக்கு அழைத்து, அதன் குறைகளை ஒளிக்காமல் சொல்லி, மாவு பிசையும் பக்குவத்தைக் காட்டி, ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வேண்டாமென்றால் கூசாமல் திருப்பித் தரலாம் என்றும் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது இருவர்தாம். விடியற்காலை ஆறு சப்பாத்தி, இரண்டு டிபன் பாக்ஸ். அதற்கு அந்தக் கருவி அளவெடுத்தாற்போல் இருந்தது. நமக்கு ஆகாதது என்று நாம் நினைத்தது, இன்னொரு வீட்டுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தது.

சிறுவனுக்குத் தர வேண்டிய பதில் பாக்கியிருந்தது. அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினோம். ஸுஃப்பாவாசிகளின் பசியையும் சேர்த்துச் சொன்னோம். பிறகு அவனை எழுப்பி, "தம்பி, மிக்ஸி வாங்கிக் கொடுத்திருப்பார்களா என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நபியவர்கள் செய்யாததைச் செய்திருப்பார்கள் என்று சொல்லக் கூடாது. ஆனால் அவர்கள் செய்தது நமக்குத் தெரியும். மகள் கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே, இரவென்றும் பாராமல் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்" என்றோம்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "எங்க வீட்ல இப்ப நான்தான் ஹஜ்ரத் மூடிய அமுக்கறேன்" என்றான்.

நம் இல்லங்களில் உழைக்கும் கைகளுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. நம் அடுப்புகளிலும் உணவிலும் பரக்கத் செய்வானாக. பிறருக்கு ஓதிக்கொடுப்பதை முதலில் நம் வீட்டில் செய்து காட்டும் தவ்ஃபீக்கை நமக்கு வழங்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.